இடாப்பு முழுக்கப் பாத்திமா



இந்த வருடம் நம் கையில் கிடைத்த வகுப்பு இடாப்பில் பெண்பிள்ளைகள் பத்தொன்பது பேர். அதில் பதினாறு பேரின் பெயர் பாத்திமாவில்தான் தொடங்குகிறது. ஆனால் வகுப்பில் ஒருவரையும் நாம் பாத்திமா என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பதினாறு தலையும் திரும்பும். வீட்டிலும் இரண்டாவது பெயர்தான் புழக்கம். பாத்திமா என்பது பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பேசாமல் இருக்கும். பலருக்கு அது "எம்.எப்." என்பதில் வரும் ஓர் "எப்" மட்டுமே.

கடந்த வாரம் ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், யாரும் கூப்பிடாத பேர எதுக்கு வெச்சாங்க?" நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத் தேடித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விடயம். இந்தப் பெயர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகளோடு தொடங்கியதல்ல. அறபு மக்களிடம் அதற்கு முன்பே இருந்தது. அலி (ரழி) அவர்களின் தாயார் பெயர் பாத்திமா பின்த் அஸத். உமர் (ரழி) அவர்களின் சகோதரி பாத்திமா பின்த் கத்தாப். உமர் இஸ்லாத்துக்கு வந்த சம்பவத்தில் வருபவர் அவர்தான். பால்குடி மறக்கச் செய்தல் என்ற பொருள் தரும் அறபு வேர்ச்சொல்லில் இருந்து பிறந்த, சாதாரண வீட்டுப் பெயர் அது.

அந்தச் சாதாரணப் பெயர் 1400 வருடம் நிலைத்தது ஏன்? அன்னாரிடம் செல்வம் இருந்ததா? இல்லை. திருகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போய், வீட்டு வேலைக்கு ஓர் ஆள் கேட்டுத் தந்தையிடம் போனவர் அவர். தந்தை ஆளைக் கொடுக்கவில்லை. தூங்கப் போகும்போது சொல்ல திக்ர்களைக் கற்றுக்கொடுத்தார்கள். "தஸ்பீஹ் பாத்திமா" என்று நம் உம்மும்மாமார் விரல் மடித்து 33, 33, 34 என்று எண்ணுவது அதைத்தான். ஆனால் அதே தந்தை, மகள் வந்தால் எழுந்து போய் வரவேற்றுத் தன் இடத்தில் உட்கார வைத்தார்கள். பெண்குழந்தையை உயிரோடு புதைத்தவர்களும் இருந்த சமூகத்தில் நடந்தது இது. ஹிஜ்ரி 11 இல், கிறிஸ்து வருடம் 632 இல், தந்தை மறைந்து சில மாதங்களிலேயே மகளும் மறைந்தார்கள். ஹஸன், ஹுஸைன் (ரழி) வழியாக நபியின் வம்சம் தொடர்ந்ததும் அந்த மகள் மூலம்தான்.

பின்னர் பெயர் ஊர் ஊராகப் போனது. 909 இல் வட ஆபிரிக்காவில் தொடங்கி 1171 வரை நீடித்த ஓர் அரசே பாத்திமிய்யா என்று அழைக்கப்பட்டது. கெய்ரோ நகரைக் கட்டியவர்கள் அவர்கள்தான். துருக்கியர் பாத்மா என்றார்கள், ஈரானியர் பாத்திமே என்றார்கள், மேற்கு ஆபிரிக்கர் பாத்துமாத்தா என்றார்கள். மலையாளத்தில் அது பாத்தும்மா. பஷீரின் "பாத்தும்மாவின் ஆடு" வாசித்தவர்களுக்குத் தெரியும். தமிழில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் பாத்திமா நாயகியின் திருமணத்துக்கென்றே ஒரு படலம் பாடிவைத்தார். 1989 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக வந்தவரும் ஒரு பாத்திமா பீவிதான்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியது. 1505 இல் இங்கு வந்து நம்மை "மூர்" என்று அழைத்தவர்கள் போர்த்துக்கேயர். நம் முன்னோரைக் கரையோரத்தில் இருந்து விரட்டியவர்களும் அவர்கள்தான். அவர்களின் நாட்டிலேயே ஓர் ஊரின் பெயர் பாத்திமா. அறபு முஸ்லிம்கள் அங்கு வாழ்ந்த காலத்தின் எச்சம் அது. 1917 க்குப் பிறகு அந்த ஊர் கத்தோலிக்கரின் யாத்திரைத் தலமானது. ஆட்சி போய் எத்தனை நூற்றாண்டு! பெயர் போகவில்லை.

நம் நாட்டில் மூத்தம்மாமார் காலத்தில் பாத்தும்மா, ஆமினா உம்மா, கதீஜா உம்மா என்று ஒற்றைப் பெயர்கள்தான் நிறைய. பிறகு ரிஸ்னா, சஹ்ரா, நுஸ்ரா என்று புதுப் பெயர்கள் வந்தன. ஆனாலும் பாத்திமாவை விட மனம் வரவில்லை. ஆணுக்கு முஹம்மது போல பெண்ணுக்குப் பாத்திமாவை முன்னால் வைத்தோம். கூப்பிட ஒரு பெயர், பரக்கத்துக்கு ஒரு பெயர்.

அழகான வழக்கம். ஆனால் அதைக் கவனமில்லாமல் செய்வதால் பிள்ளைகள் படும் பாடு நமக்குத் தெரியும். தமிழில் "ப" ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒருவர் "டி" மட்டும் போடுவார், ஒருவர் "டிஎச்" போடுவார், இன்னொருவர் "பாத்துமா" என்றே எழுதிவிடுவார். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. நம்மிடம் படித்த ஒரு பிள்ளை, நேர்முகத் தேர்வுக்கு முந்தைய நாள் சத்தியக் கடதாசி எடுக்க வெயிலில் அலைந்தது. அழுதுகொண்டே சொன்னது: "இந்தப் பேரே இல்லாம இருந்தா நல்லம் டீச்சர்." பெயரில் பிழை இல்லை. எழுதியவர்களிலும், எழுதியதைப் பார்க்காமல் கையொப்பம் வைத்தவர்களிலும்தான் பிழை.

ஆகவே பெற்றோர்களே, இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, பிறப்பைப் பதியும்போது எழுத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் பத்திரத்தில் உள்ளபடியே எல்லாப் பத்திரத்திலும் வரட்டும். பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நாளில் பிறப்புச் சான்றிதழைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இரண்டு, அந்தப் பெயர் ஏன் வைத்தீர்கள் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். திருகையின் கதையைச் சொல்லுங்கள். மகளைக் கண்டு எழுந்து நின்ற தந்தையின் கதையைச் சொல்லுங்கள். வாப்பாமாரே, பெயரை வைத்தால் மட்டும் போதாது. மகள் வீட்டுக்குள் வரும்போது கைபேசியில் இருந்து தலையையாவது நிமிர்த்துங்கள்.

நாளைக் காலை இடாப்பு கூப்பிடும்போது பதினாறு பேரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறோம். கொஞ்சம் நேரம் கூடும். பரவாயில்லை.

உங்கள் வீட்டில் எத்தனை பாத்திமா?