செடித் தொட்டியில் பாசியும் கலங்கலும்

நீர்ச்செடிகளை வேர்பிடித்து வளரவிட்டு, அவற்றினூடே மீனும் இறாலும் வளர்க்கும் நன்னீர்த் தொட்டியைச் செடித் தொட்டி என்பர். இதை வைத்திருப்பவர்கள் அதிகம் அலுத்துக்கொள்வது இரண்டு தொல்லைகளைப் பற்றி: கண்ணாடி, இலை, கல் எங்கும் பாசி படிவது, நீர் கலங்கிப்போவது. இரண்டுக்கும் கடைகளில் மருந்துக் குப்பிகள் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலான தொட்டிகளைத் தேற்றுவது விளக்கு நேரத்தைக் குறைப்பது, நீரை ஒழுங்காக மாற்றுவது, செடியைக் கூட்டுவது ஆகிய மூன்றுதான்.

கலங்கலை இனங்காணுதல்

கலங்கிய நீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து, பின்னால் வெள்ளைத்தாள் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். சில மணி நேரத்தில் அடியில் வண்டல் தங்கி மேல்நீர் தெளிந்தால், அது சரியாகக் கழுவாத மணலின் தூசி. தெளிவாக இருந்தும் நிறம் டீத்தண்ணீர் போலத் தெரிந்தால், மரக்கட்டையிலிருந்து இறங்கிய டானின்; அதனால் மீனுக்குப் பொதுவாகக் கெடுதல் இல்லை. அடியில் தங்காமல் பால் கலந்தாற்போல் நின்றால் பாக்டீரியா. பச்சையாகத் தெரிந்தால் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி.

பால்நிறக் கலங்கல் பெரும்பாலும் புதுத் தொட்டியில் வரும். மிஞ்சிய தீனியையும் அழுகும் இலையையும் உண்ணும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே பன்மடங்காகப் பெருகும். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களோ மெதுவாகவே வளரும். அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இந்த இடைவெளியில் பதறிப்போய் முழு நீரையும் கொட்டி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவுவது பலரும் செய்யும் தவறு. குளோரின் பட்டதும் அதுவரை வளர்ந்த நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் அலசுவதே முறை. தீனியைக் குறைத்து, மீன்களைப் படிப்படியாகச் சேர்த்தால் பால்நிறம் தானே தெளியும். மீன்கள் ஆக்சிஜன் போதாமல் மேலே வந்து வாய் பிளந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அப்போது காற்றோட்டத்தைக் கூட்டி, கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். எனவே சென்னையின் மே மாதத்தில் இந்தக் கலங்கல் குளிர்காலத்தைவிட ஆபத்தானது.

பச்சை நீரில் உள்ள செல்கள் சாதாரண ஸ்பாஞ்சில் சிக்காத அளவு சிறியவை. நீரை மாற்றினாலும் எஞ்சியவை சில நாளில் பெருகிவிடும். தொட்டியைத் தடித்த போர்வையால் மூன்று நான்கு நாள் ஒளி புகாமல் மூடுவது, அல்லது நீரைப் புறஊதா விளக்கு வழியே சுற்றவிடுவது பலன் தரும். மூடியிருக்கும் நாட்களில் ஏர் பம்ப் ஓட வேண்டும். திறந்ததும் நீரை மாற்றி, செத்த பாசியை வெளியேற்ற வேண்டும்.

ஒளி, கரியமில வாயு, உரம்

ஒளி கூடக்கூடச் செடிக்குக் கரியமில வாயுவும் சத்தும் கூடுதலாகத் தேவைப்படும். அவை கிடைக்காதபோது செடி தேங்கும். மிஞ்சும் ஒளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஆகவே வாயு செலுத்தாத தொட்டிக்கு நடுத்தர விளக்கு, நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். கையால் போட்டு அணைப்பதைவிட டைமர் மேல். ஜன்னல் வெயில் நேரே விழும் இடம் கூடவே கூடாது. வாயு செலுத்துவோர் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராமை இலக்காகக் கொண்டு, விளக்கு எரிய ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே சிலிண்டரைத் திறப்பார்கள்.

உரத்தைப் பற்றி நீண்ட வாதம் உண்டு. பால் சியர்ஸ், கெவின் கான்லின் இருவரும் 1996-இல் எழுதிய கட்டுரை, மற்றச் சத்துகளைக் கொடுத்து பாஸ்பேட்டை மட்டும் கட்டுப்படுத்தினால் பாசி ஒடுங்கும் என்றது. அமெரிக்கரான டாம் பார், செடி செழித்த தொட்டிகளில் பாஸ்பேட்டைக் கூட்டியும் பாசி வரவில்லை என்று காட்டி, தாராளமாக உரமிட்டு வாரந்தோறும் பாதி நீரை மாற்றும் முறையைப் பரப்பினார். செடி அடர்ந்த தொட்டிக்குப் பாரின் முறையே பொருந்தும். நாலே வாலிஸ்னேரியா செடிகள் உள்ள தொட்டியில் அப்படி உரம் கொட்டுவது வீண். நீர் மாற்றும்போது ஆன்டி குளோரின் சேர்ப்பதை மறக்கலாகாது.

சில பாசிகள்

புதுத் தொட்டியில் விரலால் வழித்தாலே வரும் பழுப்புப் படிவு டயாட்டம். சில வாரத்தில் அதுவே மறையும். கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளிகள் வலுத்த ஒளியையும் பாஸ்பேட் குறைவையும் சுட்டும்; பிளேடால்தான் சுரண்ட வேண்டும். மணல்மீது வழுவழுப்பான விரிப்பாகப் படர்ந்து, உரித்தால் நாற்றமடிப்பது நீலப்பச்சைப் பாசி. உண்மையில் அது ஒரு பாக்டீரியா. அதைக் குழாயால் உறிஞ்சியெடுத்து, நீரோட்டத்தைச் சீராக்கி, மூன்று நாள் இருட்டில் வைப்பது வழக்கம்.

இலை விளிம்பில் கரிய மயிர்க்கொத்தாக முளைக்கும் கருந்தாடிப் பாசி எல்லாவற்றிலும் பிடிவாதமானது. இது சிவப்புப் பாசி இனம். சாகும்போது இளஞ்சிவப்பாக மாறி இனத்தைக் காட்டிக்கொடுக்கும். கரியமில வாயுவின் அளவு ஏறி இறங்கும் தொட்டிகளில் இது அதிகம். பீடித்த இலையை வெட்டிவிடலாம். கல்லிலும் கட்டையிலும் இருந்தால், ஃபில்டரை நிறுத்திவிட்டு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சால் சிறிதளவு பாசிமீதே விட்டு, சில நிமிடம் கழித்து ஃபில்டரை ஓட்டலாம். அளவு மீறினால் இறாலும் மாஸ் வகைச் செடிகளும் தாங்கா.

பாசி தின்னும் உயிர்கள்

செடித் தொட்டிக் கலையை உலகறியச் செய்த ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015) பாசியைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்திய காரிடினா மல்டிடென்டாட்டா என்ற இறாலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இழைப்பாசியை அது விரும்பித் தின்னும். அதன் குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் தேவை என்பதால் நன்னீர்த் தொட்டியில் பெருகாது. ஓட்டோசிங்க்ளஸ் மீனும் நெரைட் நத்தையும் டயாட்டத்தை மேயும்.

கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் சக்கர் மீன் இந்த வரிசையில் சேராது. இரண்டு அங்குலத்தில் வாங்குவது ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் பாசியைவிடத் தீனியையே நாடும், கழிவும் அதிகம். தென்னமெரிக்க இனமான இது தமிழ்நாட்டு நீர்நிலைகள் சிலவற்றில் ஏற்கெனவே பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. தொட்டிக்கு அடங்காமல் போன சக்கர் மீனை ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.