மதம் கடந்தோரின் பழைய சமயம்: ரோசன்ஸ்வைக், ஸ்டைன், ருஃபைசன்

மதமாற்றத்தை ஆராய்வோர் பலரும் பவுலுக்குத் தமஸ்கு வழியில் நேர்ந்ததையே அளவுகோலாகக் கொள்கின்றனர்: ஒரே கணத்தில் ஒளி, அதற்கு முன்பெல்லாம் இருள். 20ஆம் நூற்றாண்டில் யூதத்துக்கும் கிறித்தவத்துக்கும் இடையே நடந்த மூவரின் வாழ்க்கை இந்த அளவுக்குள் அடங்கவில்லை. பிறந்த சமயத்தை அவர்கள் உதறிவிடவில்லை. வேறொன்றை நோக்கி நடக்கத் தொடங்கிய பிறகே அது அவர்களுக்குக் கனம் பெற்றது.

1913 ஜூலையில் லைப்சிக் நகரில், கிறித்தவராகியிருந்த நண்பர் யூகன் ரோசன்ஷ்டாக்குடன் ஓரிரவு விவாதித்த யூதத் தத்துவ அறிஞர் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக், திருமுழுக்குப் பெறத் தீர்மானித்தார். ஆனால் சமயமற்றவராக அல்ல, யூதராகவே கிறித்தவத்துக்குள் நுழைய வேண்டும் என்று தமக்குத்தாமே நிபந்தனை விதித்துக்கொண்டார். சடங்குகள் தளர்ந்துபோன குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். நிபந்தனையை நிறைவேற்றப் புறப்பட்டவர், அக்டோபரில் முடிவை மாற்றி யூதராகவே நிலைத்தார். பெர்லினில் யோம் கிப்பூர் வழிபாட்டில் அமர்ந்திருந்த ஒரே நாளில் எல்லாம் மாறியது என்னும் கதை பின்னாளில் பிறர் சொல்லிப் பரவியது. அவர் அப்படி எழுதிவைக்கவில்லை. பல மாதத் தயக்கத்தை அந்த ஒரு நாள் விழுங்கிவிட்டது.

யூதக் குடும்பத்தில் பிறந்த தத்துவ அறிஞர் எடித் ஸ்டைனின் வரலாறும் இப்படித்தான் சுருக்கப்பட்டது. 1921 கோடையில் பெர்க்சாபர்னில், அவிலா தெரேசாவின் தன்வரலாற்றை ஓரிரவில் படித்து மனம் மாறினார் என்பர். அதற்கு முன்பே, போரில் மாண்ட தத்துவ அறிஞர் ரைனாக்கின் மனைவி தம் துயரைச் சிலுவை நம்பிக்கையால் தாங்கியதை அவர் நேரில் கண்டிருந்தார். எந்த அனுபவத்தையும் முன்முடிவின்றி நோக்கும் பயிற்சியைத் தத்துவ ஆசிரியர் ஹுசர்லிடம் பெற்றிருந்தார். திருமுழுக்கு 1922 ஜனவரி 1இல்.

நம் கவனத்துக்குரிய நாள் வேறு. 1933 அக்டோபர் 12, ஸ்டைனின் பிறந்தநாள்; யூதரின் கூடாரப் பெருவிழாவின் நிறைவும்கூட. மறுநாள் கொலோன் கார்மேல் மடத்துக்குப் புறப்பட இருந்தவர், எண்பதைக் கடந்த தாயுடன் பிரெஸ்லாவில் தொழுகைக்குச் சென்றார். திரும்பும் வழியில் தாய் கேட்டார்: பிரசங்கம் நன்றாக இருந்ததல்லவா, அப்படியானால் யூதராக இருந்தும் பக்தியோடு வாழலாமே? அதற்கு மேல் எதையும் அறிய நேராதவர்களால் முடியும் என்றார் மகள். இயேசு நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் ஏன் தம்மைக் கடவுளாக்கிக்கொண்டார் என்று தாய் வருந்தினார். தமக்கு எதிரான இவ்வாதத்தை மழுப்பாமல் பதிவுசெய்தவர் ஸ்டைனேதான். அதே ஆண்டில்தான் தம் யூதக் குடும்ப வரலாற்றையும் எழுதத் தொடங்கினார். யூதர் மீது வெறுப்பு கட்டவிழ்த்துவிடப்பட்ட நேரத்தில், வெளியேறிவிட்டதாகக் கருதப்பட்ட ஒருவர் அக்குடும்பத்துக்காகச் சாட்சி சொல்ல முன்வந்தது, என் வாதத்துக்கு வலுவான சான்று.

1998இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, யூதராகக் கொல்லப்பட்டவரைத் திருச்சபை தன் மறைசாட்சி ஆக்கலாமா என யூதர் பலர் எதிர்த்தனர். அந்த வேதனை நியாயமானது. ஆயினும், 1942 ஜூலை 26 அன்று நெதர்லாந்துக் கோவில்களில் வாசிக்கப்பட்ட, யூதர் நாடுகடத்தலை எதிர்த்த ஆயர்களின் கண்டனத்துக்குப் பழிவாங்கவே, அப்போது அங்கிருந்த ஸ்டைன் உள்ளிட்ட கத்தோலிக்க யூதர்கள் கைதாயினர். பிறப்பால் யூதராயிருந்ததாலேயே அவர்கள் குறிவைக்கப்பட்டனர். ஆகஸ்ட் 9இல் ஆஷ்விட்சில் நிகழ்ந்த ஸ்டைனின் சாவின் காரணத்தை இரண்டாகப் பிரிக்க வரலாறு இடம் தரவில்லை.

பிரித்தே ஆக வேண்டிய கட்டாயம் சட்டத்துக்கு வந்தது. யூதராகப் பிறந்து, நாஜிகளிடமிருந்து மீர் நகர யூதர் பலரைக் காப்பாற்றி, கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கிறித்தவரான ஆஸ்வால்ட் ருஃபைசன், பின்னர் கார்மேல் துறவியாகி இஸ்ரேல் சென்று, யூதர் என்ற முறையில் குடியுரிமை கோரினார். 1962இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் மறுத்தது. யூதச் சமயச் சட்டப்படி யூதத் தாயின் மகன் மதம் மாறினாலும் யூதனே என்பதை நீதிபதிகள் அறிந்தே இருந்தனர். ஆனால் நாடு திரும்பும் உரிமைச் சட்டத்தில் வரும் ‘யூதர்’ என்ற சொல்லுக்கு மக்கள் வழக்கில் உள்ள பொருளையே எடுத்துக்கொண்டனர். சமயச் சட்டம் விட்டுவைத்த உறவை மதச்சார்பற்ற சட்டம் அறுத்தது. ருஃபைசன் பின்னர் பொது விதிகளின்படி குடிமகனாகி, 1998இல் இறக்கும்வரை ஹைஃபாவில் எபிரேயம் பேசும் கத்தோலிக்கரிடையே பணியாற்றினார்.