உரல் போன பிறகு எங்கள் உடம்புக்கு என்ன நடந்தது?



போன கிழமை தரம் 9 வரலாற்றுப் பாடத்தில் பழைய காலத்துக் கிராம வாழ்க்கை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், அந்தக் காலத்து ஆக்கள் ஜிம்முக்கும் போகல்ல, டயட்டும் இருக்கல்ல. அப்ப எப்படி சீனி வருத்தம் இல்லாம இருந்தாங்க?"

வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இடைவேளையில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் சாப்பாட்டுப் பெட்டியோடு குளிசைப் பெட்டியும் சேர்ந்தே திறக்கிறது. நாற்பது வயதைத் தாண்டாதவர்களும் அதில் இருக்கிறார்கள். வகுப்பில் அரைகுறையாகச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய காலம் பொற்காலம் அல்ல. 1934, 35ஆம் ஆண்டுகளில் வந்த மலேரியாக் காய்ச்சல் மட்டும் இந்த நாட்டில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டு போனது. பிள்ளைப்பேற்றில் தாய்மார் இறந்தார்கள், போஷாக்கில்லாமல் பிள்ளைகள் இறந்தார்கள். ஆகவே மூத்தவர்கள் எல்லோரும் நோயின்றி வாழ்ந்தார்கள் என்பது கதை. ஆனால் அவர்களுடைய உடம்பு அசைந்துகொண்டே இருந்தது. அதற்காக அவர்கள் தனியாக நேரம் ஒதுக்கவில்லை, உறுதிமொழி எடுக்கவில்லை. அன்றாட வேலையே அப்படித்தான் இருந்தது.

எங்கள் கிழக்குக் கரையோர ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தம்மாவின் நாள் கிணற்றடியில் தொடங்கியது. நெல்லை அவித்து, காயப்போட்டு, உரலில் குத்தி, சுளகில் புடைத்தால்தான் பகல் சோறு. அம்மியில் கூட்டு அரைக்க வேண்டும், திரிகையில் குரக்கன் திரிக்க வேண்டும். மிச்ச நேரத்தில் பன் பாய் இழைப்பார்கள். மூத்தாப்பா சுபஹுக்குப் பிறகு வயலுக்கு நடந்தார், அல்லது கரைவலை இழுத்தார். மருதமுனையில் கைத்தறிக் குழியில் இருந்தவருக்குக் கையும் காலும் நாள் முழுக்க ஓயவில்லை. பின்னேரத்தில் இளைஞர்களுக்குச் சீனடி சிலம்படி இருந்தது. கலியாண வீட்டில் பொல்லடி இருந்தது.

சாப்பாடும் அப்படித்தான். பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பரிசி, குரக்கன் புட்டு, முருங்கை இலையோ வல்லாரையோ போட்ட சுண்டல், மீன் ஆணம், எருமைத் தயிர். இறைச்சி பெருநாளைக்கும் கலியாணத்துக்கும்தான். கைக்குத்தரிசியில் தவிடு ஒட்டியிருக்கும். நார்ச்சத்தும் விற்றமின் பி1 உம் அந்தத் தவிட்டில்தான் இருக்கின்றன. இது மூத்தம்மாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உலக்கையால் அதற்கு மேல் தீட்ட முடியாது, அவ்வளவுதான்.

பிறகு என்ன நடந்தது? "நம்மட ஆக்கள் சோம்பேறியாகிட்டாங்க" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

இலங்கை அந்தக் காலத்தில் தனக்குத் தேவையான அரிசியில் பெரும் பகுதியை வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து, வாங்கியது. 1942இல் பர்மா ஜப்பானின் கைக்குப் போனது. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. குறைந்த அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. எப்போதாவது சாப்பிட்ட பாண் வீட்டுச் சாப்பாடானது இந்தக் காலத்தில்தான். யுத்தம் முடிந்தும் பாண் போகவில்லை. குத்தவும் வேண்டாம், அவிக்கவும் வேண்டாம், விலையும் குறைவு.

1953இல் அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. சீனி விலையும் கூடியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் வெட்டப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பின்னர் பதவி விலகினார். எங்கள் தட்டில் எது விழுகிறது என்பதை வீட்டுப் பெண்கள் மட்டும் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

எழுபதுகளை இப்போது அறுபது தாண்டியவர்கள் நன்றாக நினைவு வைத்திருப்பார்கள். பாணுக்கு விடியப்புறம் வரிசை, சங்கக் கடையில் சீனி தட்டுப்பாடு, மரவள்ளிக்கிழங்கும் குரக்கனும் பகல் சாப்பாடு. உள்ளங்கையில் ஒரு துண்டுச் சக்கரையை வைத்து, அதைக் கடித்துக் கடித்துப் பிளேன்டீ குடித்த காலம் அது. அன்றைக்கு அது பஞ்சம். யாரும் விரும்பிச் சாப்பிடவில்லை. அதனால்தான் குரக்கனையும் மரவள்ளியையும் வறுமையின் சாப்பாடாக ஒரு தலைமுறை மனதில் எழுதிக்கொண்டது. கை மாறியதும் முதலில் கைவிட்டதும் அவற்றைத்தான்.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. அடுத்த ஆண்டு திருகோணமலை சீனன்குடாவில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. மத்திய கிழக்கு உழைப்பு வீட்டுக்கு வந்தது. அரிசி ஆலை, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், மோட்டார் சைக்கிள் எல்லாம் பின்னால் வந்தன. மூத்தம்மாவின் தோள் வலி போனது. அவர் உரலை விட்டது சோம்பலினால் அல்ல. ஓய்வு கிடைத்ததே என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். அதை நாங்கள் குறை சொல்ல முடியாது.

ஆனால் வேலை குறைந்தபோது தட்டு குறையவில்லை. தீட்டிய வெள்ளை அரிசி, காலையில் பாண், பின்னேரம் ரோல்ஸும் சமூசாவும், இரவில் கொத்து ரொட்டி, எல்லாவற்றோடும் ஒரு போத்தல் சோடா.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆண்களிடமிருந்து போன அசைவில் கொஞ்சம் மைதானத்தில் திரும்பக் கிடைத்தது. கிரிக்கெட் இருக்கிறது, உதைபந்து இருக்கிறது, இப்போது ஜிம்மும் இருக்கிறது. பெண்களின் உடற்பயிற்சி முழுவதும் வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும்தான் இருந்தது. உரலும் கிணறும் போனதோடு அதுவும் போய்விட்டது. யுத்த காலத்தில் வயலுக்கும் கடற்கரைக்கும் போவது ஆபத்தானது. 2004 சுனாமிக்குப் பிறகு பல குடும்பங்களுக்கு வளவும் இல்லை. மாடி வீடுகளிலும் சின்னக் காணித் துண்டுகளிலும் நெருங்கி வாழ்கிறோம். கிளினிக் வரிசையில் எங்கள் உம்மாமாரையும் ராத்தாமாரையும் பார்க்கும்போது "நடங்க, நடங்க" என்று டொக்டர் சொல்கிறார். எங்கே நடப்பது என்பதை ஊர் சொல்லவில்லை.

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் இல்லை. எங்கள் ஆசிரியர்கள் பலர் துருப்பிடித்த சைக்கிளைத் திருத்தி அதில் பாடசாலைக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கி வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்கமே அரச ஊழியர்களிடம் சொன்னது. முற்றத்தில் வெண்டியும் கீரையும் முளைத்தன. "சேர், சீனி கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று அந்த மாதங்களில் ஒரு சக ஆசிரியர் எங்களிடம் சொன்னார். பெற்றோல் வந்தது, சைக்கிள் மறுபடியும் கொட்டிலுக்குள் போனது. எழுபதுகளில் செய்த அதே பிழையைத்தான் நாங்கள் மறுபடியும் செய்தோம். நெருக்கடி கற்றுத் தந்த நல்லதையும் நெருக்கடியோடு சேர்த்து விட்டுவிட்டோம்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு எங்கள் பதில் இதுதான்: அவர்களுக்கு எங்களைவிட மனவுறுதி கூடுதலாக இருக்கவில்லை. அவர்களுடைய நாள் அப்படி அமைந்திருந்தது. எங்கள் நாளை நாங்களே அமைக்க வேண்டியிருக்கிறது. உரலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. நாளொன்றில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறோம்.

பள்ளிவாசலுக்கும் கடைக்கும் பாடசாலைக்கும் ஒரு கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம் என்றால் மோட்டார் சைக்கிளை வீட்டில் விடலாம். கிழமையில் நான்கு நாளாவது தவிடு போகாத சிவப்பரிசி சமைக்கலாம். சோற்றில் ஒரு அகப்பையைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலை வைக்கலாம். நோன்புக் கஞ்சி இருக்கும் மேசையில் பொரித்தது ஒன்று போதும்.

சோடாப் போத்தலில் 2016 முதல் ஒட்டியிருக்கும் நிறப் புள்ளியைப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்குங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 10 கிராம் இருந்தால் மஞ்சள்தான். ஆனால் அந்த மஞ்சள் போத்தல் 400 மில்லிலீற்றர் என்றால் உள்ளே 40 கிராம் சீனி, ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி. எங்கள் வகுப்பில் இந்தக் கணக்கைச் செய்தபோது யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக, ஊர்ப் பெரியவர்களிடமும் பள்ளிவாசல் நிருவாகத்திடமும் விளையாட்டுக் கழகங்களிடமும் ஒரு வேண்டுகோள். மைதானத்திலோ கடற்கரையிலோ காலையில் ஒரு மணித்தியாலம் பெண்கள் நிம்மதியாக நடக்க ஒதுக்கிக் கொடுங்கள். பெரிய செலவு இல்லை, ஒரு தீர்மானம் போதும். உரலையும் கிணற்றையும் இழந்தவர்களுக்கு ஊர் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் அது.

உங்கள் வீட்டு மூத்தம்மா இன்னும் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் இருந்து கேளுங்கள்: சின்ன வயதில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள், பகலைக்குள் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று. அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு வரலாற்றுப் பாடம்.