பழைய டிராக்டருக்குச் சாயம் அடிக்கிறீர்களா? ஹார்டனர் கலக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கமுந்திங், தைப்பிங் வட்டாரத்தில் பழைய டிராக்டர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. செம்பனைக் குலைகளை ஏற்றி வருவது, கெரியான் பக்கம் நெல் வயலை உழுவது, தோட்டக் கோயில் திருவிழாவில் ரதத்தை இழுப்பது எனப் பல வேலைகளுக்கு அவை பயன்படுகின்றன. புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் பழையதைப் பிரித்து, துரு நீக்கி, சாயம் அடித்துப் புதுப்பிக்கிறார்கள். சாலையோரப் பட்டறையிலோ வீட்டுப் பின்புறக் கொட்டகையிலோ இந்த வேலை நடக்கும்போது, பலர் கவனிக்காமல் விடும் ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் சாயத்தில் கலக்கும் ஹார்டனர்.

ஹார்டனர் என்ன செய்கிறது?

சாதாரண எனாமல் சாயம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல உலரும். முழுமையாக இறுகச் சில நாள்கள் ஆகும். ஹார்டனர் கலந்தால் சாயத்துக்குள்ளேயே வேதிவினை நடந்து, சீக்கிரம் இறுகிவிடும். பளபளப்பு கூடும், டீசலும் எண்ணெயும் பட்டாலும் எளிதில் கெடாது. டிராக்டருக்கு இது பொருத்தம் என்பதால்தான் பலரும் இதைத் தேடுகிறார்கள். இரண்டு டின்களாக விற்கப்படும் 2கே சாயங்களும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.

இத்தகைய ஹார்டனர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள். டின்னில் இருக்கும்போது அது அவ்வளவாக ஆவியாவதில்லை. ஆனால் ஸ்ப்ரே கன் வழியாக அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகக் காற்றில் கலந்து, மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது.

1984 டிசம்பரில் இந்தியாவின் போபால் நகரில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்த வாயுவும் ஐசோசயனேட் குடும்பத்தைச் சேர்ந்ததே. அங்குக் கசிந்தது எளிதில் ஆவியாகும் மெத்தில் ஐசோசயனேட். சாய ஹார்டனரில் இருப்பது வேறு வகை; அதுபோல ஒரே இரவில் ஊரை அழிக்காது. ஆனால் அடிப்பவரின் மூச்சைக் கெடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

நோய் வந்தால் தொழிலே போய்விடும்

ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருவருக்குச் சில வாரங்களில் வரலாம். இன்னொருவருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரலாம். உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சுத் திணறல் வரும். அப்படிப்பட்டவர் சாயம் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாத நிலை வரலாம். இருபது வருடம் கைக்குப் பழகிய தொழிலை அன்றோடு விட வேண்டியிருக்கும்.

வாகனங்களுக்கு ஸ்ப்ரே சாயம் அடிப்பவர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வரும் அபாயம், மற்றத் தொழிலாளர்களைவிடச் சுமார் 80 மடங்கு அதிகம் என்று பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு எச்சரித்துள்ளது.

அறிகுறிகளை அடையாளம் காண்பதும் எளிதல்ல. வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு, சில நேரம் நடுராத்திரியில், இருமலும் நெஞ்சிறுக்கமும் இளைப்பும் வரும். இரண்டு நாள் விடுப்பில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் வரும். சளி, புகை, வயது என்று காரணம் சொல்லித் தள்ளிப்போடுவதால் நோய் முற்றுகிறது.

வாடையை நம்பக் கூடாது

பட்டறையில் மூக்கில் ஏறும் வாடை பெரும்பாலும் தின்னருடையது. ஐசோசயனேட்டின் வாடை, ஆபத்தான அளவைத் தாண்டிய பிறகும் தெரியாமல் போகலாம். ஹார்டனர்களில் அதிகம் பயன்படும் எச்டிஐ வகைக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு, வேலைநாளின் சராசரியாக, நூறு கோடிப் பங்கு காற்றில் வெறும் 5 பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ‘வாடை போய்விட்டது, இனி முகமூடியைக் கழற்றலாம்’ என்ற கணக்கு தவறு.

எந்த முகமூடி காப்பாற்றும்?

துணியோ, கோவிட் காலத்து முகக்கவரியோ இதற்கு உதவாது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடி அதைவிட மேல் என்றாலும், ஸ்ப்ரே அடிப்பவர் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வடிகட்டி நிறைந்துவிட்டால் அதைக் காட்டிக்கொடுக்க வாடை இல்லை. தாடி, மீசை இருந்தால் விளிம்பில் இடைவெளி விழும்.

முறையான பாதுகாப்பு என்பது குழாய் வழியாக வெளிக்காற்றைக் கொண்டுவந்து முகத்துக்குள் செலுத்தும் முகமூடி. கம்ப்ரசர் காற்றை இழுக்கும் இடம், சாயப் புகையும் எஞ்சின் புகையும் இல்லாத இடமாக இருக்க வேண்டும். மூச்சுக்காற்றுக்கென உள்ள வடிகட்டியும் அவசியம். கம்ப்ரசர் எண்ணெய் சூடேறினால் காற்றில் நச்சு கலக்கும். சாயம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க நடுவில் முகமூடியைத் தூக்குவது பலரின் பழக்கம். அடித்து முடித்த பின்னும் நுண்துளிகள் காற்றில் நிற்கும் என்பதால், அந்த இடம் முழுக்கக் காற்றோட்டம் பெறும்வரை கழற்றக் கூடாது.

தோல் வழியாகவும் ஒவ்வாமை தொடங்கலாம். நைட்ரில் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி ஆகியவை சாயம் கலக்கும்போதும், ஸ்ப்ரே கன் கழுவும்போதும் தேவை.

மழையும் பக்கத்து வீடும்

தைப்பிங் வட்டாரத்தின் மழை எல்லாரும் அறிந்தது. மழைக்காகக் கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு அடித்தால் துளிகள் உள்ளேயே தங்கும். வீட்டு மின்விசிறியை வைப்பதும் தீர்வல்ல. தின்னர் ஆவியில் அதன் பொறி பட்டால் தீப்பிடிக்கலாம். லயன் வீடுகளும் தாமான் வீடுகளும் நெருக்கமாக இருப்பதால், வெளியே தள்ளப்படும் துளிகள் பக்கத்து வீட்டுக்குள் போகும். சாயம் அடிக்கும் நேரத்தில் பிள்ளைகளும், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களும் அருகில் இருக்கக் கூடாது.

ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகும். ஈரம் புகுந்த டின்னை இறுக மூடி வைத்தால் அது வீங்கி வெடிக்கலாம். எனவே வேலைக்குத் தேவையான அளவு டின்னையே வாங்குவது நல்லது. கலக்கும் விகிதம் டின்னில் எழுதியபடி இருக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் வேலை சிறக்காது. மிஞ்சிய ஹார்டனர்தான் காற்றில் கூடும்.

பழைய சாயத்தில் ஈயம்

பழைய டிராக்டரின் முதல் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்த நிலையில் தேய்க்காமல், தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தீ வைத்து உரிப்பது கூடாது. முன்பே ஹார்டனர் கலந்து அடித்த பகுதியில் வெல்டிங் செய்தால், சூட்டில் ஐசோசயனேட் மீண்டும் வெளிவரும். முதலில் அந்த இடத்துச் சாயத்தை நீக்க வேண்டும். வேலை உடையோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளைகளைத் தூக்கவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. சில விலக்குகள் தவிர, சிறிய பட்டறை உட்பட எல்லா வேலையிடங்களுக்கும் அது பொருந்தும். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளி நடவடிக்கை எடுக்காதபோது அந்த இடத்தை விட்டு விலக உரிமை உண்டு.

2013ஆம் ஆண்டு விதிகளின்படி ஆபத்தான இரசாயனத்தின் லேபிளும் பாதுகாப்புத் தகவல் தாளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் இருக்காது. ஆகவே கடையில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அதில் ஐசோசயனேட் என்ற பெயர் வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தொழிலால் வரும் நோய்க்கு 1969ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் சொக்சோவிடம் இழப்பீடு கோரலாம். சொந்தமாகப் பட்டறை நடத்துபவர்கள் 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் திட்டத்தில் சந்தா கட்டலாம். மருத்துவரைப் பார்க்கும்போது செய்யும் தொழிலையும், ஹார்டனர் பயன்படுத்துவதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சாதாரண இளைப்பாகவே பதிவாகும். இழப்பீடு கோருவதும் கடினமாகும். மூச்சுவிடவே முடியாமல் போனால் காத்திருக்காமல் 999ஐ அழைக்க வேண்டும்.

ஹார்டனர் இல்லாமலும் முடியும்

வெளிக்காற்று முகமூடி இல்லாதவர்கள் ஹார்டனர் கலந்து ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முறையான சாய அறை உள்ள பட்டறையில் கொடுத்து அடிப்பது. மற்றொன்று, ஹார்டனர் சேர்க்காத எனாமல் சாயத்தைத் தூரிகையாலோ ரோலராலோ பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே நன்றாக உலர விடுவது. தின்னர் வாடைக்குக் காற்றோட்டம் அப்போதும் வேண்டும். பளபளப்பு சற்றுக் குறையும், வண்டி கூடுதலாகச் சில நாள் கொட்டகையில் நிற்கும். வயலிலும் செம்பனைக் காட்டிலும் ஓடப் போகும் வண்டிக்கு அந்தச் சாயமே போதும்.