‘நுவார்’: ஒரு திரைப்பட வகைப்பெயரின் வரலாறும் பொருள்மாற்றமும்

1. முன்னுரை

பொருள் முன்னர்த் தோன்றப் பெயர் பின்னர் அமைவது மொழி வழக்கில் இயல்பே. ஆயின், ஒன்றை ஆக்கியோர் அறியாத பெயரை அயல்நாட்டார் இட, அப்பெயர் ஆக்கியோர் நாட்டிற்கே சென்று நிலைபெறுவது அரிது. 1940களிலும் 1950களிலும் அமெரிக்காவில் எடுக்கப்பெற்ற குற்றப் படங்கள் பலவற்றைச் சுட்டும் ‘ஃபிலிம் நுவார்’ என்னும் பிரெஞ்சுத் தொடர் அத்தகையது. ‘நுவார்’ என்பதன் பொருள் கறுப்பு. கறுப்பு எனப்பட்டது கதையா, காட்சியா? இவ்வினாவிற்குக் காலந்தோறும் வேறுவேறு விடைகள் கூறப்பெற்றுள்ளன. அவ்விடைகளின் வரலாற்றையும், இப்படங்களின் காட்சிப் பாணி குறித்துப் பரவலாக நிலவும் கருத்துகளின் பொருத்தத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பெயரின் தோற்றம்

செருமானியர் ஆட்சியில் இருந்த ஆண்டுகளில் பிரான்சில் புதிய அமெரிக்கப் படங்கள் திரையிடப்பெறவில்லை. போர் முடிந்தபின், 1946இல், ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941), ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944), ‘லாரா’ (1944) முதலியன பாரிசு நகரில் அடுத்தடுத்துத் திரைக்கு வந்தன. மூன்றாண்டு இடைவெளியில் எடுக்கப்பெற்றவை சில வாரங்களில் ஒருங்கே காணப்பெற்றதால், அவற்றினிடையே உள்ள ஒற்றுமை எளிதில் புலப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நீனோ ஃபிராங்க் என்னும் திறனாய்வாளர் இவற்றைக் ‘கறுப்பு’ப் படங்கள் எனச் சுட்டினார். நவம்பரில் ழான்-பியேர் ஷார்த்தியே அச்சொல்லைத் தம் கட்டுரைத் தலைப்பிலேயே ஆண்டார்.

இச்சொல்லாட்சி திடீரெனப் பிறந்ததன்று. காலிமார் பதிப்பகம் 1945இல் தொடங்கிய குற்றப் புதின வரிசைக்குக் ‘கறுப்பு வரிசை’ என்றே பெயர். அதற்கும் முன்னர், 1938, 1939ஆம் ஆண்டுகளில், மார்சல் கார்னே இயக்கிய ‘லெ கே தெ புரூம்’ போன்ற பிரெஞ்சுப் படங்களையே பிரெஞ்சு இதழ்கள் ‘கறுப்புப் படங்கள்’ எனக் குறித்ததைச் சார்லசு ஓபிரையன் 1990களில் எடுத்துக்காட்டினார். அக்காலத்தில் அது பெரும்பாலும் வசைச்சொல். நாட்டு மக்களின் ஒழுக்கத்தையும் ஊக்கத்தையும் குலைப்பன என வலதுசாரி இதழ்கள் அப்படங்களைப் பழித்தன. 1946இலும் ஃபிராங்க் இப்போக்கை வரவேற்க, ஷார்த்தியே அதன் அவநம்பிக்கையை வெறுத்தார். ரேமோன் போர்த், எத்தியேன் ஷோமெத்தோன் ஆகியோரின் நூல் 1955இல் வெளிவந்த காலத்தில் சொல்லின் இழிபொருள் பெரிதும் தேய்ந்துவிட்டது. இதனை உயர்பொருட்பேற்றிற்கு நல்ல சான்றாகக் கொள்ளலாம்.

ஹாலிவுட்டில் இப்படங்களுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் பெரும்பாலும் ‘மெலோடிராமா’ என்பதே. தாம் ‘நுவார்’ எடுப்பதாக எண்ணி எவரும் அன்று படமெடுக்கவில்லை.

3. காரணத்தின் மாற்றம்

நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பர். ‘நுவார்’ காரணப்பெயராகவே தோன்றியது. ஆனால், அக்காரணம் ஒளியமைப்பு அன்று. ஃபிராங்க் எடுத்துக்கூறியவை பாத்திரங்களின் உளவியலும், தன்மைக் கூற்றாகக் கதை சொல்லும் முறையும் ஆகும். போர்தும் ஷோமெத்தோனும் கனவுத்தன்மை, கொடுமை, அறத்தின் தெளிவின்மை முதலியவற்றையே முதன்மைப்படுத்தினர். அதாவது, கறுத்திருந்தது கதையின் உலகம்.

திரையின் இருளே பெயருக்குக் காரணம் என்னும் எண்ணம் 1970களில் வலுப்பெற்றது. ஜேனி பிளேசும் லோவல் பீட்டர்சனும் 1974இல் எழுதிய கட்டுரை காட்சிக் கூறுகளை நிரல்படுத்தி விளக்கியது. பெயர் மாறவில்லை, அதன் காரணம் மாறியது. இம்மாற்றத்தை உணராதவர் 1970களின் பொருளை 1946இன் சொல்லில் ஏற்றிக் காண்பர்.

4. ஒளியின் இலக்கணம்

ஹாலிவுட் ஒளிப்பதிவில் மூன்று விளக்குகள் அடிப்படை. ‘கீ லைட்’ முகத்திற்கு வடிவம் தரும். ‘ஃபில் லைட்’ அதனால் விழும் நிழலை மென்மையாக்கும். ‘பேக் லைட்’ உருவத்தைப் பின்புலத்தினின்று பிரித்துக் காட்டும். நிழலை மென்மையாக்கும் ஒளியைக் குறைத்தால் முகத்தின் ஒருபாதி இருளில் ஆழும். இதுவே ‘லோ-கீ’ முறை. இவ்வொளியோடு, அகலக்கோண வில்லை, தாழ்ந்த கோணம், நிலைகுலைந்த சட்டக அமைப்பு, பகலில் எடுத்து இரவாகக் காட்டாமல் இரவிலேயே எடுத்தல் ஆகியவையும் சேர்ந்தன.

‘டபுள் இன்டெம்னிட்டி’யில் ஜான் சைட்சு, சன்னல் மறைப்புப் பட்டைகளின் நிழலைக் கதைத்தலைவனின் உடல்மீது விழச்செய்தார். குற்றத்திற்கு முன்னரே சிறைக்கம்பி அவன்மீது படிந்துவிடுகிறது. ‘தி பிக் காம்போ’ (1955) படத்தின் இறுதியில், ஜான் ஆல்ட்டனின் ஒளியில், மூடுபனியினிடையே இரு நிழலுருவங்கள் மட்டுமே எஞ்சுகின்றன.

மொழியியலில் பொதுவடிவம், சிறப்புவடிவம் என்னும் வேறுபாடு உண்டு. ஹாலிவுட்டில் நிறைவெளிச்சம் பொதுவடிவம். இருள் அச்சம், குற்றம் போன்ற சூழல்களுக்கே உரிய சிறப்புவடிவம். நுவார் படங்கள் பலவற்றில் இந்நிலை தலைகீழாகிறது. வீடும் அலுவலகமும் இருளில் அமைய, வெளிச்சமே ஐயத்திற்குரியதாகிறது. நுவார் இருளைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது வரும் சூழலை மாற்றியமைத்தது.

5. மரபுரிமைச் சிக்கல்

இப்பாணி செருமானிய எக்சுபிரசனிசத்தின் வழிவந்தது என்பது பலகால் கூறப்பெறும் கருத்து. ஃபிரிட்சு லாங், ராபர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர் போன்றோர் நாசி ஆட்சியால் செருமனியை விட்டு வெளியேறியவர்கள் என்பது இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும். இத்தொடர்பு மறுக்கத்தக்கதன்று, எனினும் முழு விளக்கமும் அன்று. செசில் டிமில்லின் ‘தி சீட்’ 1915லேயே ஆழ்நிழல் ஒளியமைப்பைக் கையாண்டுள்ளது. இம்மரபை அமெரிக்கத் திரைக்குள்ளேயே காணலாம் என மார்க் வெர்னே 1993இல் வாதிட்டார். ‘டபுள் இன்டெம்னிட்டி’யின் இயக்குநர் வியன்னாவில் வளர்ந்து பெர்லினில் தொழில் செய்தவர்; ஆனால் அதன் ஒளிப்பதிவாளர் சைட்சு சிக்காகோவில் பிறந்து, ஊமைப்பட காலந்தொட்டு ஹாலிவுட்டில் தொழில் செய்தவர். இயக்குநர் வழியாக மட்டும் மரபுரிமையைத் தேடும்போது, விளக்கை வைத்தவர்களின் பங்கு வரலாற்றினின்று நழுவிவிடுகிறது.

பொருளியல் காரணமும் உண்டு. 1942இல் போர்க்காலக் கட்டுப்பாட்டின்படி ஒரு படத்தின் அரங்க அமைப்பிற்கான புதுப்பொருள்களுக்கு 5,000 டாலர் உச்சவரம்பு விதிக்கப்பெற்றது. பழைய அரங்குகளை மறைக்க இருள் உதவியது. 1930களின் இறுதியில் வந்த விரைவுமிக்க படச்சுருள், குறைந்த ஒளியிலும் படமெடுக்கத் துணைசெய்தது.

6. பெயரின் எல்லை

‘லீவ் ஹெர் டு ஹெவன்’ (1945) பளிச்சிடும் டெக்னிக்கலரில் அமைந்த கொலைக்கதை. ஒளியைக் காரணமாகக் கொண்டால் இதற்கு இப்பெயர் பொருந்தாது. கதையைக் கொண்டால் பொருந்தும். எல்லா உறுப்பினர்க்கும் பொதுவான ஒரு கூறு இல்லாத, குடும்பச்சாயலால் மட்டுமே இணைந்த வகை இது எனலாம்.

தமிழில் ஏவி.எம். தயாரிப்பில் எசு. பாலசந்தர் இயக்கிய, பாடல்களற்ற ‘அந்த நாள்’ (1954) படத்தையும் பிற்காலத்தார் நுவார் என்பர். இங்கும் பெயர் பின்னரே வந்தது. இதனைக் ‘கறுப்புப் படம்’ என மொழிபெயர்த்தால், நம்மிடையே முன்னரே வழங்கும் ‘கறுப்பு வெள்ளைப் படம்’ என்பதனோடு மயங்கும். ‘இருட்படம்’ எனின் 1970களின் பொருள் மட்டுமே நிலைபெறும். ‘நுவார்’ என ஒலிபெயர்த்து இடுகுறிபோல் வழங்குவதே பொருத்தமாகும்.

7. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வருவன பெறப்படும்.

1. ‘நுவார்’ வசைச்சொல்லாகத் தோன்றிப் பாராட்டுச்சொல்லாக உயர்ந்தது.

2. அதன் காரணம் கதையினின்று காட்சிக்குப் பெயர்ந்தது.

3. அதன் காட்சிப் பாணி, புலம்பெயர்ந்தோர் கொணர்ந்த மரபு, ஹாலிவுட் கைவினை, போர்க்கால நெருக்கடி ஆகியவை இணைந்து உருவாக்கிய ஒன்று.

இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்பது நம் மரபு. இலக்கணம் கண்டபின் அதற்கேற்ப இலக்கியத்தைத் திருத்திக் காண முற்படுவது, திரைப்பட வரலாற்றிலும் தவிர்க்கத்தக்கது.