மோத மறுத்தவர்கள்

1892-ல் ஜான் எல். சல்லிவன் என்ற அமெரிக்க ஹெவிவெயிட் சாம்பியன் உலகத்துக்கே ஒரு சவால் விட்டார். யார் வேண்டுமானாலும் தன்னோடு மோத வரலாம், கறுப்பர்கள் மட்டும் வரக்கூடாது என்றார். அந்தக் காலத்தில் அவருக்குச் சரியான போட்டியாக இருந்தவர் பீட்டர் ஜாக்சன், கறுப்பர். முந்தைய ஆண்டுதான் அவர் ஜேம்ஸ் கார்பெட்டோடு 61 சுற்றுகள் நின்று ஆடி, முடிவே இல்லாமல் ஆட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. கார்பெட் வெள்ளையர் என்பதால் அதே 1892-ல் சல்லிவனோடு மோதும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. வென்று சாம்பியனும் ஆனார். ஜாக்சனுக்கு அந்த வாய்ப்பு சாகும்வரை வரவில்லை.

இதற்கு நிறக்கோடு என்று பெயர். சட்டத்தில் எழுதப்படாத கோடு அது. கேட்டால் கௌரவம், மானம் என்பார்கள். இந்தப் பேச்சை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்று தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்ற விளையாட்டுகளில் ஒதுங்கி ஆடலாம். குத்துச்சண்டையில் தொட்டே ஆகவேண்டும். ஒருவரின் வியர்வையும் ரத்தமும் இன்னொருவரின் மேல் படும். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஒருவரோடு மேடை ஏறுவதென்றால், அவரும் நானும் ஒரே தரையில் நிற்கிறோம், அவர் என்னை அடிக்கலாம் என்று ஊரறிய ஒப்புக்கொள்வது. தோல்வி பிறகு வருவது. சல்லிவன் பயந்தது அந்த ஒப்புதலுக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம்.

கோட்டை முதலில் உடைத்தவர் ஜாக் ஜான்சன். அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸை அவர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் விடாமல் துரத்தினார். கடைசியில் 30,000 டாலர் கொடுப்பதாகச் சொன்ன பிறகுதான் பர்ன்ஸ் இறங்கிவந்தார். 1908 டிசம்பர் 26, சிட்னி. 14-வது சுற்றில் போலீஸ் உள்ளே வந்து ஆட்டத்தை நிறுத்தும் அளவுக்கு ஜான்சன் அவரை அடித்தார். உடனே ஒரு 'வெள்ளை நம்பிக்கை'யைத் தேடும் வேலை தொடங்கியது. ஓய்வுபெற்று விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த பழைய சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸை அழைத்துவந்தார்கள். 1910 ஜூலை 4-ல், நெவாடாவின் ரீனோ நகரில் ஜான்சன் அவரையும் 15-வது சுற்றில் வீழ்த்தினார். அன்று இரவே அமெரிக்காவின் பல நகரங்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பர்களைத் தாக்கின. பலர் கொல்லப்பட்டார்கள். மேடையில் ஒருவன் வென்றதற்குத் தெருவில் அவன் சனம் அடி வாங்கியது. ஊர்த் திருவிழாவில் நம் பையன் கோப்பை வாங்கிய இரவில் சேரியில் என்ன நடக்கும் என்று அறிந்தவர்களுக்கு இது அமெரிக்கச் செய்தியாகத் தெரியாது.

அடுத்ததாக அந்த ஆட்டத்தின் படச்சுருளைத் தடை செய்தார்கள். அமெரிக்க நகரங்கள் பல தடுத்தன, தென்னாப்பிரிக்காவும் தடுத்தது. 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டது. 1911-ல் லண்டனில் பாம்பார்டியர் பில்லி வெல்ஸ் என்ற வெள்ளையரோடு ஜான்சன் மோதவிருந்த ஆட்டம் ரத்தானது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். ஒரு வெள்ளையர் கறுப்பரின் காலடியில் விழுந்துகிடக்கும் காட்சியை ஆளப்படுகிறவர்கள் பார்த்துவிடக்கூடாது என்பதே அன்று பலரும் வெளிப்படையாகப் பேசிய கவலை.

1915-ல் ஹவானாவில் ஜான்சன் தோற்றார். அதன்பின் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத இடம் தரவில்லை. ஹாரி வில்ஸ் என்ற பெரிய வீரர் ஜாக் டெம்ப்ஸியோடு மோதக் காத்துக்காத்தே வயதாகிப்போனார். 1937-ல்தான் ஜோ லூயிஸ் அந்தப் பட்டத்தைப் பிடித்தார். அடுத்த ஆண்டு, ஹிட்லரின் ஜெர்மனி கொண்டாடிய மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடியில் வீழ்த்தினார். அமெரிக்கா முழுக்க அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. 1942-ல் அவர் ராணுவத்தில் சேர்ந்தபோது கறுப்பர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய படைப்பிரிவில்தான் அவரை வைத்தார்கள்.

முகமது அலி பற்றி நம் இளைஞர்கள் நிறையப் படித்திருப்பார்கள். வியட்நாம் போருக்குப் போக மறுத்தது, பட்டம் பறிக்கப்பட்டது, மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியாமல் இருந்தது எல்லாம் தெரிந்த கதை. நாம் சொல்லவேண்டிய ஆட்டம் 1967 பிப்ரவரியில் ஹூஸ்டனில் நடந்தது. காஷியஸ் கிளே என்ற பெயர் அடிமைப் பெயர் என்று அவர் விட்டுவிட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிராளி எர்னி டெரல், அவரும் கறுப்பர்தான், வேண்டுமென்றே 'கிளே' என்றே கூப்பிட்டார். அலி அவரை 15 சுற்றுகளும் அடித்தார். அடிக்கு நடுவே 'என் பெயர் என்ன?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது கொடூரமான ஆட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. கொடூரம்தான். ஆனால் எழுபது வயதுத் தாத்தாவைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி 'வாடா, போடா' என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரிக் காதில் விழும்.

அதே அலி ஜோ ஃப்ரேஸியருக்குச் செய்ததையும் நாம் மறைக்கக்கூடாது. ஃப்ரேஸியர் தென் கரோலினாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைக்க ஃபிலடெல்ஃபியா வந்து மாட்டிறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். தொங்கும் மாட்டுடல்களைக் குத்திப் பயிற்சி எடுத்தார். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வேலையின் வாடை தெரியும். அலிக்குத் தடை இருந்த காலத்தில் அவருக்கு உரிமம் திரும்பக் கிடைக்கவேண்டும் என்று பேசியவர்களில் ஃப்ரேஸியரும் ஒருவர். ஆனால் 1971-ல் இருவரும் மோதும் நேரம் வந்தபோது அலி அவரை வெள்ளையரின் அடிமை என்றார். 1975-ல் மணிலா ஆட்டத்துக்கு முன்னால் கொரில்லா என்று கேலி செய்தார். வெள்ளையர் கறுப்பரைத் திட்டப் பயன்படுத்திய வசையை எடுத்து ஒரு கறுப்பர் மேலேயே வீசினார். 1971-ல் ஃப்ரேஸியர் வென்றார், 1974-ல் அலி. மணிலாவில் 14 சுற்று முடிந்தபோது ஃப்ரேஸியரின் கண்கள் வீங்கி மூடிவிட்டன. அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் 15-வது சுற்றுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். உடம்புக் காயம் ஆறியிருக்கும், அந்தச் சொல் முப்பது ஆண்டுகள் ஆறவில்லை. 2001-ல் அலி வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

உள்ஒதுக்கீடு பற்றி நமக்குள் நடக்கும் சண்டைகளில் இந்தக் கதை நமக்குத் தேவைப்படுகிறது. 2009-ல் அருந்ததியர்களுக்கு 3 விழுக்காடு வந்ததிலிருந்து, 2024-ல் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று சொன்ன பிறகும், பறையரும் பள்ளரும் அருந்ததியரும் ஒருவரை ஒருவர் என்னென்ன சொல்கிறோம் என்று முகநூலைத் திறந்தால் தெரியும். வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும். ஆனால் ஆண்ட சாதி நம்மைத் திட்டிய சொல்லை எடுத்து நம் பக்கத்துத் தெருவைத் திட்டுகிறவர்கள் மணிலாவின் அலியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஒரு சின்னச் செய்தி. 'ராக்கி' படம் 1976-ல் வந்தது. இறைச்சிக் கூடத்தில் மாட்டுடலைக் குத்தும் காட்சி ஃப்ரேஸியர் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. கதாநாயகன் வெள்ளையர், கற்பனைப் பாத்திரம். அந்தக் கற்பனை ஆளுக்கு ஃபிலடெல்ஃபியாவில் 1980-களிலேயே சிலை வந்துவிட்டது. அதே ஊரில் வாழ்ந்த உண்மையான சாம்பியன் ஃப்ரேஸியருக்கு 2015-ல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். கொடைக்கானல் மேல்மலையில், பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் போளூரில் குத்துச்சண்டைக்கு வேலை இல்லை. ஆனால் 2021-ல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது இங்குள்ள பிள்ளைகளும் கைபேசியில் பார்த்தார்கள். இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா என்று கேட்டார்கள். பாத்திரங்கள் கற்பனை, பரம்பரைகள் நிஜம்.

துறைமுகம், ரயில்வே பணிமனை, பின்னி ஆலை என்று உழைப்பாளிகளைக் குவித்த வடசென்னையில், வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமும் மாலுமிகளிடமும் பார்த்த ஆட்டத்தை நம் மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று அணிகள் உருவாயின. தலித்துகள், மீனவர்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் அவற்றில் இருந்தார்கள். இதில் நம்மை நிறுத்தும் சொல் 'பரம்பரை'. இந்த நாட்டில் பரம்பரை என்றால் பிறப்பு, ரத்தம். வடசென்னையில் அது வாத்தியார் வழி. யாரிடம் குத்தக் கற்றாயோ அதுதான் உன் பரம்பரை. பெயரில் நாயக்கரும் செட்டியாரும் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆனால் உள்ளே நுழையப் பிறப்புச் சான்றிதழ் வேண்டியதில்லை. சாதியின் சொல்லையே எடுத்துத் திருப்பிப்போட்டிருக்கிறார்கள்.

1940-களில் சார்பட்டாவின் கித்தேரி முத்து ஆங்கிலோ இந்திய வீரர்களை மேடையில் சாய்த்ததையும், பெரியார் அவருக்குத் 'திராவிட வீரன்' என்று பட்டம் கொடுத்ததையும் வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஜான்சனின் படச்சுருளைத் தடை செய்தவர்கள் தடுக்க நினைத்த காட்சி சென்னையில் சுவரொட்டி ஒட்டி, டிக்கெட் போட்டு நடந்திருக்கிறது.

ஆனால் ஹெவிவெயிட் அங்கிருந்து வரவில்லை. சத்தான சாப்பாட்டுக்கு வழியில்லாத சேரியில் 90 கிலோ உடம்பு எப்படி வரும்? இந்தியாவின் பெரிய ஹெவிவெயிட்டுகள் ராணுவச் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள். ஹரியானாவின் ஹவா சிங் 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றார். பஞ்சாபின் கௌர் சிங் 1982-ல் டெல்லியில் வென்றார். 1980 ஜனவரியில் முகமது அலி இந்தியா வந்தபோது டெல்லியில் அவரோடு காட்சி ஆட்டம் ஆடியவரும் கௌர் சிங்தான். அந்தப் பயணத்தில் அலி சென்னைக்கும் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஆடினார். வடசென்னைக்கு அது திருவிழா. அந்த இந்தியப் பயணத்தின்போதுதான் அமெரிக்க அதிபர் கார்ட்டரின் அழைப்பு வந்தது, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆப்பிரிக்க நாடுகளிடம் ஆதரவு கேட்டுப் போகச்சொல்லி. தான்சானியாவில் அதிபர் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார்.

மீனவர்ப் பகுதியில் குத்துச்சண்டை வேர்விட்ட இடம் சென்னை மட்டும் இல்லை. கானாவின் அக்ரா நகரில் புக்கோம் என்ற கடற்கரைக் குடியிருப்பு இருக்கிறது. கா மக்கள் வாழும் பகுதி. கையுறை வருவதற்கு முன்பே அங்கே தெருவுக்குத் தெரு குழுவாகக் குத்தி விளையாடும் வழக்கம் இருந்தது. அந்த நகரம் அசுமா நெல்சனைப் போன்ற உலக சாம்பியன்களைத் தந்தது. கியூபா வேறு வழியில் போனது. புரட்சிக்குப் பின் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்து, அரசே பயிற்சி கொடுத்தது. டியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 என்று மூன்று ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். அலியோடு மோத லட்சக்கணக்கான டாலர் தருகிறோம் என்றும் அவர் போகவில்லை. இரண்டு இடத்திலும் ஆட ஓர் இடமும், சொல்லிக்கொடுக்க ஒருவரும், விடாமல் பார்க்க வரும் சனமும் இருந்தது. வடசென்னைக்கும் இவை மூன்றும் இருந்தன. சோறும் வேலையும்தான் போதவில்லை. ஆட்டம் மங்கியபோது வீரர்கள் பலர் மறக்கப்பட்டார்கள், சிலருடைய கைகளை அடியாள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இன்று பெரிய ஆட்டங்கள் ரியாத்துக்குப் போய்விட்டன. 2024 மே மாதம் உக்ரைனின் உசிக், டைசன் ஃபியூரியை வென்று எல்லாப் பட்டங்களையும் சேர்த்துப் பிடித்தது அங்கேதான். மோத மறுப்பதும் தொடர்கிறது, இப்போது காரணம் பெரும்பாலும் பணம். 1992-ல் லெனாக்ஸ் லூயிஸோடு மோதுவதற்குப் பதிலாக ரிடிக் போவ் தன் பெல்ட்டையே குப்பைத் தொட்டியில் போட்டார். சிரிப்பு வந்தாலும், அவர் கையில் ஒரு பெல்ட் இருந்தது. பீட்டர் ஜாக்சனுக்கு எறிவதற்குக்கூட ஒன்றும் இருந்ததில்லை.

சென்னையில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கித்தேரி முத்துவின் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இனி மிகச் சிலரே இருப்பார்கள். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் போய், பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். யார் யாரை வென்றார்கள் என்று அவர்களே சொல்வார்கள். யார் யாரோடு மோத மறுத்தார்கள் என்று நீங்கள்தான் கேட்கவேண்டும்.