நூலிழையில் நிற்கும் தீர்ப்பு

விளையாட்டு எதுவாயினும் அதற்கு விதி உண்டு. விதியை நிலைநாட்ட நடுவர் உண்டு. நடுவருக்கு வேண்டிய தலையாய பண்பு சார்பின்மை என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், உள்ளத்தில் சார்பு சிறிதுமில்லாத ஒருவர், தம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத நுண்ணிய இடைவெளியில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றி அக்கணமே தீர்ப்புரைக்க நேர்ந்தால் என்செய்வார்? இவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டின் பேஸ்பால் வரலாறு தெளிவான விளக்கம் தருகின்றது.

இவ்விளையாட்டில் பந்தை அடித்தவர் 90 அடி தொலைவிலுள்ள முதல் தளத்தை நோக்கி ஓடுகின்றார். எதிரணியினர் தரையில் உருண்டு வரும் பந்தை எடுத்து, அத்தளத்தைக் காப்பவருக்கு எறிகின்றனர். தளத்தில் கால் ஊன்றியவாறு அவர் பந்தைப் பிடித்தது முந்தியதா, ஓடியவரின் கால் தளத்தைத் தொட்டது முந்தியதா என்பதே வழக்கு. ஓட்டம் முழுவதும் நான்கு வினாடிக்குச் சற்று மேற்பட்டதே. வழக்கு முடிவதோ கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த பொழுதில். ஆட்டமிழந்தார் அல்லது தப்பினார் என்னும் இரண்டே தீர்ப்புகள் உண்டு. ஐயம் என்று கூறி நடுவர் ஒதுங்கிவிட இயலாது.

இதிலுள்ள இடர்ப்பாடு யாதெனில், கால் படுவது தரையில். பந்து விழுவதோ மார்பளவிலோ தலைக்கு மேலோ நீட்டப்பெற்ற கையுறையில். இரண்டையும் ஒருங்கே உற்று நோக்கக் கண்ணால் ஆகாது. ஆதலின், தளத்தின்மேல் கண்ணை வைத்து, பந்து கையுறையில் விழும் ஓசைக்குக் காதைக் கொடுப்பது நடுவர்கள் கைக்கொண்ட முறையாயிற்று. ஒன்றைக் கண்டும் மற்றொன்றைக் கேட்டும், எது முந்தியது என உள்ளம் ஒப்பிட்டு முடிவு கூறும். பல்லாயிரவர் ஆரவாரிக்கும் அரங்கில் அவ்வோசை கேளாது போயின் முறையின் பாதி தளர்ந்துவிடும்.

தேசிய லீக் எனும் அமைப்பு 1876ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் தொடக்கக் காலங்களில் களம் முழுமைக்கும் ஒரே நடுவர்தாம் இருப்பார். அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், இரண்டாம் தளத்தைத் தொடாமலே குறுக்கே ஓடிய வீரர்களும் இருந்தனர். பின்னர் நடுவர் எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்து, 1952இல் நால்வர் என்னும் நிலையை எய்தியது. 1905 முதல் 1941 வரை பணிபுரிந்த பில் கிளெம் என்பார் அக்கால நடுவர் மரபிற்கு எடுத்துக்காட்டாவார். உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிகளில் 18 முறை நடுவராய் நின்றவர் அவர். நடுவரின் சொல்லே முடிந்த முடிபு என்பது அம்மரபு. தொலைக்காட்சி, நிகழ்ந்ததை மீண்டும் காட்டத் தொடங்கியபோது அம்மரபு சோதனைக்குள்ளாயிற்று.

1985ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஆறாம் ஆட்டம் அக்டோபர் 26ஆம் நாள் கன்சாஸ் சிட்டியில் நடந்தது. செயின்ட் லூயிஸ் அணி 3-2 எனத் தொடரில் முன்னின்றது. அவ்வாட்டத்திலும் 1-0 என முந்தியிருந்தது. இறுதிச் சுற்றில் ஹோர்ஹே ஓர்ட்டா அடித்த பந்தை ஜாக் கிளார்க் எடுத்து, தளத்திற்கு விரைந்து வந்த வீச்சாளர் டாட் வோரலுக்கு எறிந்தார். பந்தே முந்தியது. ஆயினும், நடுவர் டான் டெங்கிங்கர் ஓர்ட்டா தப்பியதாகத் தீர்ப்பளித்தார். உயரமான வோரல் பந்தை மேலே எட்டிப் பிடித்ததையும், ஆரவாரத்தில் ஓசை கேளாமற் போனதையும் அவர் பின்னாளில் காரணமாக விளக்கினார். கன்சாஸ் சிட்டி அவ்வாட்டத்தை 2-1 என வென்றது. மறுநாள் 11-0 என வென்று பட்டத்தையும் பெற்றது. டெங்கிங்கருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. உண்மையில் ஓர்ட்டா பின்னர் மூன்றாம் தளத்தில் ஆட்டமிழந்தார். ஓட்டம் எடுத்தவர் அவரல்லர். அச்சுற்றில் செயின்ட் லூயிஸ் வீரர்களும் தவறிழைத்தனர். எனினும், பழி முழுவதும் ஒரு நடுவர் தலையிலேயே சுமத்தப்பெற்றது.

கால் நூற்றாண்டு கழிந்து, 2010 ஜூன் 2ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் அதுபோன்றதொரு காட்சி நிகழ்ந்தது. வீச்சாளர் அர்மாண்டோ கலராகா எதிர்கொண்ட 26 பேரையும் வரிசையாக ஆட்டமிழக்கச் செய்திருந்தார். இன்னும் ஒருவர் வீழ்ந்தால் அது குறையிலா ஆட்டம். 1880 முதல் அந்நாள் வரை அச்சிறப்பு 20 முறையே நிகழ்ந்திருந்தது. ஜேசன் டொனால்ட் அடித்த பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து எறிய, கலராகாவே தளத்திற்கு ஓடிவந்து பிடித்தார். டொனால்ட் தப்பினார் என்றார் நடுவர் ஜிம் ஜாய்ஸ். தொலைக்காட்சிப் படம் அவர் ஆட்டமிழந்ததை ஐயமறக் காட்டிற்று. கலராகா சினந்து பேசவில்லை; ஒரு புன்முறுவலோடு திரும்பிச் சென்று அடுத்தவரை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார்.

இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட பட்டறிவுடைய ஜாய்ஸ், ஆட்டம் முடிந்தபின் படத்தைக் கண்டார். தவறு தம்முடையதே என வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, கண்ணீருடன் கலராகாவிடம் வருத்தம் தெரிவித்தார். மனிதர் எவரும் குறையற்றவர் அல்லர் என்னும் கருத்துப்பட மறுமொழி கூறி இளைஞர் மன்னித்தார். மறுநாள் தம் அணியின் பெயர்ப்பட்டியலை ஜாய்ஸிடம் கலராகாவே நேரில் கொணர்ந்து தந்தார். நடுவரின் கண்கள் மீண்டும் கலங்கின. தலைமை ஆணையர் பட் செலிக் தீர்ப்பை மாற்ற இசையவில்லை. அவ்வாண்டு வீரர்களிடையே நடந்த கருத்தாய்வு ஒன்றில் மிகச் சிறந்த நடுவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் அதே ஜாய்ஸ் ஆவார். அவர்தம் திறமையையும் நேர்மையையும் நன்கறிந்தவர்கள் வீரர்களே அன்றோ!

எல்லைக்கு அப்பால் அடிக்கப்பட்ட பந்துகளுக்கு மட்டும் 2008இல் தொடங்கிய ஒளிப்பட மறுஆய்வு, 2014 முதல் தளத் தீர்ப்புகளுக்கும் விரிவாக்கப்பெற்றது. நியூயார்க்கிலுள்ள நடுவர்கள் படங்களை ஆய்ந்து முடிவு கூறுவர். தெளிவான சான்று இல்லையெனில் களத் தீர்ப்பே நிற்கும். முதலாண்டில் ஆய்வுக்கு வந்த தீர்ப்புகளுள் ஏறத்தாழப் பாதி மாற்றப்பெற்றன. அவை கடினமெனத் தேர்ந்து அனுப்பப்பட்டவை ஆதலின், அவ்விகிதம் நடுவர் அனைவரின் திறமைக்கும் அளவுகோல் ஆகாது. பயிற்சியால் மட்டும் கடக்கவொண்ணாத எல்லையொன்று மனிதப் புலன்களுக்கு உண்டென்பதை அது உணர்த்துகின்றது.

தவறு நேர்ந்தவிடத்துத் தீய நோக்கம் இருந்தே தீரும் என எண்ணுவது மக்கள் இயல்பு. டெங்கிங்கருக்கு வந்த மிரட்டல்கள் அவ்வெண்ணத்தின் விளைவே. நேர்மையும் தவறும் ஒருவரிடத்தே ஒருங்கிருக்கலாம் என்பதை ஜாய்ஸின் வரலாறு காட்டுகின்றது. நடுவரைத் தூற்றிய காலத்தில் தீர்ப்புகள் திருந்தவில்லை. தவறைத் திருத்தும் வழியை விதியிலேயே அமைத்தபின் திருந்தின. மாணவரின் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரும், வழக்கைக் கேட்கும் நீதிபதியும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நன்று.